கடைமடைக்கு முதல் முறை

எங்கள் விளையாட்டை வெளியிடும் ஹென்ரிக் மரியாதையாகத்தான் சொன்னார்.

"கடைசி அத்தியாயத்தை மட்டும் வீடியோவாக மாற்றிவிடலாம். விளையாடுகிறவர் உட்கார்ந்து பார்ப்பார். அழகாக இருக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்."

திரையில் அவர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். இங்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி போதாமல் நௌஷாத் ஒரு பீட்சா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை நானே விளையாடிப் பார்க்கிறேன். தண்ணீர் திக்காமல் ஓடினால் இருக்கட்டும். இல்லையென்றால் வீடியோ."

எங்கள் குழுவை நடத்தும் மாதங்கி அக்கா சரி என்றார். அழைப்பு முடிந்தது.

எங்கள் விளையாட்டின் பெயர் 'நீராணி'. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறந்து மூடுகிறவள் நீராணி. ஆற்றின் தலையிலிருந்து கடல்வரை அவள் நடந்தும் குதிரையிலும் போகிறாள். வழியில் சண்டை தீர்க்கிறாள், பொய் சொல்கிறாள், சில ஊர்களில் அடி வாங்குகிறாள். கடைசி அத்தியாயத்தில் மொத்த ஆற்றையும் தன் கையால் திறந்துவிடுகிறாள். கம்ப்யூட்டரில் அது வெளிவந்தபோது நாங்கள் நினைத்துப் பார்க்காத நாடுகளிலெல்லாம் விளையாடினார்கள். போர்ச்சுகலில் ஒரு பெண் தன் பூனைக்கு மடை என்று பெயர் வைத்தாள்.

இப்போது அதை டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்குக் கொண்டுபோகிறோம். அந்தக் கன்சோலை நாங்கள் டப்பா என்போம். டப்பாவுக்கு மாற்றும் வேலையில் பெரும்பகுதி என்னுடையது. மவுஸால் செய்ததையெல்லாம் இரண்டு கட்டைவிரல்களுக்கு மாற்றினேன். சோபாவிலிருந்து படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கினேன். நீளமான ஊர்ப்பெயர்கள் கட்டத்தைவிட்டு வழிந்தன, அவற்றை அடக்கினேன். டப்பாக்காரர்களின் விதிப்படி விளையாடுகிறவர் எதையாவது சாதித்தால் திரையில் கோப்பைகள் தர வேண்டும். அவற்றுக்குப் பெயர் வைக்கும் வேலையும் எனக்கே வந்தது.

தண்ணீர் மட்டும் விஸ்வா அண்ணாவுடையது. அது வரைந்த தண்ணீர் அல்ல. ஒவ்வொரு வயலும் பக்கத்து வயலின் மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு வாங்குவது, எவ்வளவு விடுவது என்று ஓயாமல் கணக்குப் போடும். அதனால்தான் ஒரு மடையைத் தவறாகத் திறந்தால் எங்கோ ஓர் ஊர் காய்ந்தது. அதுதான் விளையாட்டே. வீடியோவில் யாரும் எதையும் தவறாகத் திறக்க முடியாது.

கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைத் தாங்கியது. டப்பா தாங்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஆறு நின்று நின்று நகர்ந்தது.

"தண்ணிக்கு விக்கல் எடுக்குதுடா," என்றான் நௌஷாத். சோதித்துப் பார்ப்பது அவன் வேலை.

"டப்பா அவ்ளோதான். நான் என்ன பண்றது?" என்றார் விஸ்வா அண்ணா. "அந்தாளு சொல்ற மாதிரி வீடியோவா போட்டுடுவோம் மாதங்கி. மத்ததாவது போய்ச் சேரும்."

"ஒரு விளையாட்டு முழுக்க மடையத் திறக்கச் சொல்லிக்குடுத்துட்டு, கடைசில கைய கட்டிக்கிட்டு உட்காருன்னா? நானா இருந்தா டிவிய ஒடைப்பேன்," என்றார் மாதங்கி அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "சுடர், நீ என்ன நினைக்கிற?"

நான் மேசையைப் பார்த்தேன். பேசுவது எனக்கு வராது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் விஸ்வா அண்ணாவுக்கே சாட்டில்தான் எழுதுவேன். இயற்பியல் எம்.எஸ்ஸி.யில் என் வாய்மொழித் தேர்வை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.

'பார்க்கிறேன் அக்கா' என்று சாட்டில் எழுதினேன்.

"சுடரு, தும்மினாகூட சாட்லதான் போடுவியா?" என்றான் நௌஷாத்.

தும்மும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

விஸ்வா அண்ணா சென்ற வருடம் ஒரு முயற்சி செய்து பாதியில் விட்டிருந்தார். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் போடாமல், திரையில் நொடிக்குப் பல முறை மாறும் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் இருக்கிறவரை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது. அதைத் தேடி எடுத்து டப்பாவில் ஏற்றினேன். நௌஷாத் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

ஆறு வழுக்கிக்கொண்டு ஓடியது. விக்கலே இல்லை. மேல் ஊர்கள் நிரம்பின. நடு ஊர்கள் நிரம்பின. நௌஷாத் நீராணியைக் கடைசி ஊர்வரை ஓட்டிப்போய் மடையைத் திறந்தான். உள்ளே வெடித்த மண். காத்திருந்தான். மேலே ஆறு புரண்டுகொண்டிருக்க, அந்த ஊரில் ஒரு சொட்டு இல்லை.

"இதான். இதுக்குத்தான் விட்டுட்டேன்," என்றார் விஸ்வா அண்ணா. "கணக்கு அங்க போய்ச் சேர்றதுக்குள்ள டப்பாவோட நேரம் முடிஞ்சுபோயிடுது."

நான் சாட்டில் கேட்டேன்: 'முடிந்த பிறகு, அடுத்த படத்துக்குக் கணக்கு எங்கிருந்து தொடங்கும்?'

அவர் வாயாலேயே பதில் சொன்னார். "மேலேருந்துதான். வேற எங்கேருந்து தொடங்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. மூன்று பேரும் திரும்பினார்கள். நௌஷாத் நான் சிரித்து அதுவரை கேட்டதில்லை.

"அண்ணா, உங்களுக்குத் திருவையாறுதானே?" என்றேன். என் குரல்தான்.

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எனக்குக் கீழ்வேளூர். கடைமடை. எங்களுக்குத் தண்ணி முறை வச்சுத்தான் வரும். அணையில தண்ணி கம்மியா இருந்தா மேல கொஞ்ச நாள் விட்டுட்டு அடைப்பாங்க. அப்புறம் நடுவுல. அப்புறம் எங்களுக்கு. ஒவ்வொரு தடவையும் திரும்ப மேலேருந்தே ஆரம்பிச்சா எங்க ஊரு தண்ணியையே பார்த்திருக்காது."

நௌஷாத் நாற்காலியிலிருந்து எழுந்து விஸ்வா அண்ணாவுக்குக் கும்பிடு போட்டான்.

"அடடா, திருவையாத்து மிராசு! மேல இருக்கறவனுக்கே திரும்பத் திரும்ப ஊத்தியிருக்கீங்களே. அவன் வயிறு வெடிக்கப் போகுது!"

"டேய், நான் என்ன வேணும்னா பண்ணேன்?"

"எல்லா மிராசும் இதத்தான்டா சொல்லுவாங்க," என்றார் மாதங்கி அக்கா.

விஸ்வா அண்ணா காது சிவக்கச் சிரித்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் காவிரி. தண்ணீருக்காகக் காத்திருப்பது அவருக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். எனக்கோ அது மட்டும்தான் தெரியும்.

"சரி, முறை வை," என்றார். "வெள்ளிக்கிழமை கடைசி வயல் நனைஞ்சா எங்க ஊரு அசோகா அல்வா வாங்கித்தரேன். நெய் வழிய."

முறை வைத்தேன். விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடர வேண்டும். நிரம்பி அசையாமல் நிற்கும் வயலுக்கு அந்த முறை கிடையாது; அதன் நேரம் அடுத்த வயலுக்குப் போகும். முதல் முறை கடைமடைக்கு. இதில் பாசம் எதுவும் இல்லை. கீழே இடம் காலியானால்தான் மேலே இருப்பது இறங்க முடியும், எனவே கீழிருந்து மேலே கணக்குப் போடுவதே சரி. ஆனாலும் அந்த வரியை எழுதும்போது விரல் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

முதலில் ஓட்டியபோது முறை மாறும் இடங்களில் தண்ணீர் படிக்கட்டு மாதிரி நின்றது. முறை இல்லாத வயலிலும் தண்ணீர் கடைசியாக ஓடிய வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தேன். படி மறைந்தது.

வெள்ளிக்கிழமை ஹென்ரிக் தன் ஊரில், தன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் திரை எங்கள் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. மாதங்கி அக்கா முடியை அவிழ்த்து அவிழ்த்து முடிந்தார். நௌஷாத் விசிறவில்லை.

நீராணி மேல் அணையில் நின்றாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஹென்ரிக் அப்படிச் செய்யவில்லை. நீராணியைக் குதிரையில் ஏற்றி ஆற்றோரமாக விரட்டி எல்லா மடைகளையும் கடைசிவரை திறந்துகொண்டே போனார்.

"ஐயோ, ஐயோ," என்று நௌஷாத் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "இந்தாளு எல்லாத்தையும் ஒண்ணா திறக்கறானே. போச்சு."

அதுவரை நாங்கள் அப்படிச் சோதித்ததில்லை.

ஆறு இறங்கியது. எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் பழுப்புத் தண்ணீர் நுழைந்தது. வரப்புகளை முட்டியது. கொக்குகள் எழும்பின. திக்கவில்லை. விஸ்வா அண்ணா திரையின் மூலையில் ஓடிய வேக எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை. நீராணி கடைசி ஊருக்கு வந்து குதிரையிலிருந்து இறங்கினாள். வெடித்த மண். ஹென்ரிக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

வாய்க்கால் முனையில் முதலில் நுரை வந்தது. அதில் ஒரு காய்ந்த இலை. பிறகு தண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு ஒரு வெடிப்புக்குள் இறங்கியது, அடுத்ததற்குள் இறங்கியது, வயல் கறுத்தது, வானம் அதில் தெரிந்தது.

ஹென்ரிக் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"வீடியோ வேண்டாம்," என்றார். "இதை யார் செய்தது?"

விஸ்வா அண்ணா என் நாற்காலியைக் கேமராவுக்கு முன்னால் தள்ளினார். அலுவலக நாற்காலி, அடியில் சக்கரம். தப்பிக்க வழியில்லை.

"நான்," என்றேன் ஆங்கிலத்தில். "சுடர்விழி."

"இந்த உத்திக்கு ஏதாவது பெயர் உண்டா?"

அதைக் கேட்டபோது எனக்குப் பயம் போய்விட்டது. "முறை," என்றேன். "அதன் பெயரே முறைதான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

"முர்ரே," என்றார் அவர். ஏதோ வெள்ளைக்காரப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து நௌஷாத் என்னை மிஸ் முர்ரே என்றுதான் கூப்பிடுகிறான். சனிக்கிழமை காலை என் மேசையில் அசோகா இருந்தது. நெய் காகிதத்தைத் தாண்டி மேசைவரை வந்திருந்தது.

டப்பாவில் 'நீராணி' வெளியான வாரம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கீழ்வேளூர் போனேன். என் கம்ப்யூட்டரை அம்மா தொட்டதில்லை. அது என் படிப்பு, என் அறை. டிவி அவளுடையது. சீரியல் முடிந்ததும் கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா அத்தையும் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டி, வாய்க்கால்ல ஒரு ஆகாயத்தாமரை இல்ல, ஒரு பிளாஸ்டிக் கவர் இல்ல. இது எந்த ஊரு?" என்றாள் அம்மா.

"கேமும்மா."

"அதான பார்த்தேன்."

"அம்சம், அந்தப் புள்ளைய தண்ணிக்குள்ள விட்டுட்டியே!" என்று அத்தை அம்மாவைப் பார்த்து அலறினார்.

"இரு அக்கா, கட்டைவெரலு சொன்ன பேச்சு கேக்கல."

கொஞ்சம் கை பழகியதும் கடைசி அத்தியாயத்தைத் திறந்து கொடுத்தேன். அம்மா முதல் மடையைத் தாண்டிப் போனாள். திறக்கவில்லை. இரண்டாவதையும் தாண்டினாள்.

"திறக்கலையாம்மா?"

"சும்மா இருடி. இவங்களுக்குத் திறந்துட்டா அங்க என்ன போகும்?"

வழியெல்லாம் மூடியபடியே விட்டு, தடுமாறி, இரண்டு முறை மரத்தில் முட்டி, கடைசி ஊரின் மடையைத் திறந்தாள். தண்ணீர் நேராக அங்கே வந்தது. டிவியில் ஒரு மணி அடித்தது. மூலையில் ஒரு சின்னக் கோப்பை மின்னியது.

அந்தக் கோப்பைக்குப் பெயர் வைத்தபோது நௌஷாத் தலையிலடித்துக்கொண்டான். எவன்டி இப்படி விளையாடுவான், மேல மடையெல்லாம் மூடிவச்சுட்டு மொதல்ல கடைசி வயலுக்கு விடுறவனுக்குக் கோப்பையா, ஒருத்தனுக்கும் கிடைக்காது, எடுத்துடு என்றான். நான் எடுக்கவில்லை.

"என்னடி மணி அடிக்குது? தப்பா எதையாவது அமுக்கிட்டனா?"

அம்மா கண்ணாடி இல்லாமல் டிவிக்குப் பக்கத்தில் போய், நான் பெரிதாக்கிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"க-டை-ம-டை." திரும்பி என்னைப் பார்த்தாள். "நம்மளயா சொல்றான்?"

"ஆமாம்மா. நீ ஜெயிச்சுட்ட."

"அப்படிப் போடு!" என்று கமருன்னிஸா அத்தை கை தட்டினார்.

அம்மா மறுபடி உட்கார்ந்து கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தாள். வயல் நிரம்பியிருந்தது. அந்த மடையை மூடினாள். அடுத்த முறை யாருக்கு என்று பார்க்க நீராணியை மேலே நடத்தினாள்.