சொத்தும் சொத்தையும்

நாற்காலி விற்கிற கம்பெனிக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் பெரிய பெயரோடு இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி நொடித்துப்போனது. அதை வாங்கிய பிரிண்டர் கம்பெனியும் நொடித்துப்போனது. கடைசியில், கட்டடம் தோதாக இருக்கிறதே என்று ஆபீஸ் நாற்காலி விற்கும் கம்பெனி ஒன்று எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டது. வீட்டை வாங்கினால் கூடவே பூனையும் வருவதுபோல, பத்திரத்தின் வாலில் அந்தப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வந்தது. கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குகிற அடிப்படைப் புரோகிராம் அது. அது ஓடிய மெஷின்களெல்லாம் பழைய இரும்புக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

வெகுகாலம் அதை யாரும் சீந்தவில்லை. ஒருநாள் எம்.டி. எங்கேயோ படித்தார்: பொழுதுபோகாத சிலர் அதன் சோர்ஸ் கோடை, அதாவது அதை உருவாக்கியவர்கள் எழுதிய மூல வரிகளை, கள்ளத்தனமாகக் காப்பி எடுத்து வீட்டிலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம். மனிதருக்கு வயிறு எரிந்தது. வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டார்.

"நம்ம சொத்தைத் திருடி வச்சிக்கிட்டு நிம்மதியா தூங்கறாங்க. ஒருத்தன் விடாம கண்டுபிடிச்சுக் கேஸ் போடுங்க" என்றார்.

வக்கீல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி, அந்தத் திருட்டுக் கூட்டத்தின் தலைவர் அவள் வீட்டுப் பின்னறையிலேயே இருந்தார். அவளுடைய மாமனார்.

மாமனார் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே காலத்தைக் கழித்தவர், தன் வாயை மூடிவைக்கக் கற்றதே இல்லை. பின்னறையில் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பழைய மெஷின் வைத்திருந்தார். அது ஓடினால் சமையலறை விளக்கு மங்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டாளிகள் மூவர் வருவார்கள்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், கணக்கு வாத்தியார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வரியைப் பற்றிப் பொழுதெல்லாம் மல்லுக்கு நிற்பார்கள். இத்தனைக்கும் அந்த மெஷின் என்ன செய்யும்? தேதி காட்டும். அதையும் தப்பாகக் காட்டும்.

மாமனாருக்கு அந்தக் கோடில் தனிப் பெருமை ஒன்று உண்டு. வெகுநாளைக்கு முன் அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தார். மெஷின் கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்கு மட்டுமான வரி அது: "இங்கே ஒரு சொத்தை இருந்தது. அடைத்துவிட்டேன். இப்படிக்கு, பல் டாக்டர்." அவரிடமிருந்துதான் மற்றவர்கள் காப்பி எடுத்தார்கள். ஆகவே ஊரில் இருந்த அத்தனை திருட்டுப் பிரதியிலும் அந்தச் சொத்தை வரி இருந்தது.

கேஸ் என்று வந்தால் முதல் குற்றவாளி மாமனார். திருட்டுப் பொருள் இருக்கும் வீட்டிலேயே குடியிருக்கும் கம்பெனி வக்கீலை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. புருஷனிடம் சொன்னாள். "அப்பாகிட்ட நீயே பேசிக்கோ" என்று அவன் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கேஸ் போட்டால் கெட்ட பெயர்தான் மிஞ்சும், அதற்குப் பதிலாக ஆசைக்கு ஓட்டிப் பார்ப்பவர்களுக்குச் சட்டப்படி இலவச லைசென்ஸ் கொடுத்தால் பேப்பரில் போட்டோ வரும் என்று எம்.டி.யிடம் எடுத்துச் சொன்னாள். போட்டோ என்றதும் மனிதர் விழுந்தார். ஆனாலும் திருடனுக்குச் சலுகை கிடையாது என்று விண்ணப்பத்தில் ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார்: "இதற்கு முன் இதன் பிரதி எதையும் நான் ஒருபோதும் வைத்திருந்ததில்லை." அதில் கையெழுத்துப் போட்டவருக்கே லைசென்ஸ். அவளும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு பொய், அத்தனை பாவமும் கழுவப்பட்டுவிடும்.

கூட்டாளிகள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மாமனார் மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன்மா."

"திருட்டுச் சாமானை மட்டும் வீட்ல வச்சிக்கலாமா, மாமா?"

"அது வேற. அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல. இது கேக்கும்போது பொய் சொல்றது."

அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிறந்தவர்போல அவர் சொன்ன தோரணையில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அடுத்த சங்கடம் வந்தது. லைசென்ஸ் கொடுத்தால் கோடையும் கொடுக்க வேண்டுமே! கோடைப் பதிந்துவைத்த டேப்புகள் எங்கே என்று ஸ்டோர்கீப்பரைக் கேட்டாள். பிரிண்டர் கம்பெனிக்காரர்களே பீரோவோடு சேர்த்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டதாகவும், தாங்கள் வரும்போதே அறை காலி என்றும் அவர் கொட்டாவி விட்டபடி சொன்னார். ஆக, சொத்துக்காரரிடம் பத்திரம் இருந்தது, சொத்து இல்லை. எம்.டி.யோ விழாவுக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டிருந்தார். எங்கேயாவது ஒன்று கிடைக்கும், பார்த்து ஏற்பாடு செய்யுங்கள் என்றார். எங்கே கிடைக்கும் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பின்னறையிலிருந்து காப்பி எடுத்தாள். சொந்தக்காரருக்கே போகிறது என்பதில் மாமனாருக்குப் பரம திருப்தி. கொண்டுபோகும் முன் அந்தக் குறிப்பு வரியை மட்டும் அவருக்குத் தெரியாமல் அழித்தாள். அது இருந்தால் பிரதி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

விழா அமர்க்களமாக நடந்தது. எம்.டி. தன் கம்பெனியின் விலை உயர்ந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்த அரிய சொத்தை இத்தனை காலம் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்ததாகப் பேசினார். போட்டோவும் வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனிக்கு மெயில்களும் வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! கண்ணாடிக் கடைக்காரர், வெளியிடப்பட்டது குறைப் பிரதி, சொத்தை வரியைக் காணோம் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். தன்னிடம் பல வருஷமாக இருக்கும் பிரதியில் அது இருப்பதாகச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்க அதையும் இணைத்திருந்தார். டைம்கீப்பர், அந்த வரி எந்த வரிக்குக் கீழே வரவேண்டும் என்று விளக்கியிருந்தார். வாத்தியார் கம்பெனிக்கு மதிப்பெண்ணே குறைத்துவிட்டார். சந்தேகமிருந்தால் பல் டாக்டரை நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டு விலாசத்தையும் கொடுத்திருந்தார். மூவரும் தெளிவாகத் தங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். வாக்குமூலம் எழுதுகிறோம் என்று ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத ஜன்மங்கள்!

விடுமுறை என்றும் பாராமல் அவளை ஆபீசுக்கு வரவழைத்த எம்.டி., விலாசத்தை இரண்டு முறை படித்தார்.

"இது உங்க வீடு இல்ல?" என்றார். அவள் ஆமாம் என்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குள்ள உங்க மாமனார் மேல நீங்களே கேஸ் போடுங்க. முடியலன்னா ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து பின்னறை வாசலிலேயே நின்று அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுப் பிடித்த வேலை, உங்கள் ஒரு வரிப் பெருமைக்குப் போகிறது மாமா என்றாள். மாமனார் எழுந்துபோய் மெஷினை அணைத்தார். யார் சொல்லியும் அவர் ஞாயிற்றுக்கிழமை அதை அணைத்ததில்லை. அன்று ஞாயிறுதான். கூட்டாளிகள் மூவரும் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்கள்.

மாமனார் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "கம்பெனிகிட்ட காப்பியே இல்லன்னியே. அப்ப விழாவுல குடுத்தது என்னுதுதானே?"

"உங்களுதுதான். வரியை மட்டும் எடுத்துட்டேன்."

"வரியை எடுத்த, சரி. நான் அடைச்சதை?"

அதை அவள் தொடவில்லை. அதைத் தொட அவளுக்குத் தெரியாது. மாமனாரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்தக் கோடு கம்பெனியுடையதாக இருக்கலாம், அந்த அடைப்பு தன் கைவேலை, அதைத் தன்னைக் கேட்காமல் ஊரெல்லாம் விநியோகித்திருக்கிறார்கள் என்றார். பிறகு காலி விண்ணப்பம் ஒன்று கேட்டார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளும் வக்கீல்தானே.

மறுநாள் எம்.டி.யின் மேசையில் அந்தத் தாளை வைத்தாள்.

"கேஸ் போடலாம் சார். திருட்டுப்போன உங்க ஒரிஜினலைக் காட்டுங்கன்னு கோர்ட்ல முதல்ல கேப்பாங்க. நம்மகிட்ட இருக்கறது குற்றவாளி வீட்லேர்ந்து வந்தது. அதுல அவரோட திருத்தம் வேற இருக்கு. அவரைக் கேக்காம அதை ஊருக்கே குடுத்திருக்கோம். போட்டோவும் வந்திருக்கு."

விலை உயர்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. இது என்ன தாள் என்று எம்.டி. கேட்டார். நம்முடைய விண்ணப்பம்தான், கேட்பவர் கம்பெனி, கொடுப்பவர் பல் டாக்டர் என்றாள். கேஸ் கிடையாது, ராஜினாமா கிடையாது, சொத்தை வரி இருந்த இடத்துக்கே திரும்ப வரும் என்று கீழே மூன்று நிபந்தனைகள் சேர்த்திருந்தாள். எம்.டி. எதையும் முழுதாகப் படிக்கிற வழக்கமில்லாதவர். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

சாயங்காலம் மாமனார் அந்தத் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய், பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். எழுத்துப்பிழை தேடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். "இதற்கு முன் இதன் பிரதி எதையும் நான் ஒருபோதும் வைத்திருந்ததில்லை" என்ற இடத்தில் நின்றார். திரும்பவும் படித்தார்.

"இத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்க" என்றார். "இதுல உண்மையைச் சொன்னது உங்க எம்.டி. ஒருத்தர்தான்மா."