ஒருத்தி மேல் விழுந்த மஞ்சள்

"போட்டோல என்னை மஞ்சளா எடுத்துடாதே அண்ணா" என்றாள் தங்கை. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வருடமாக அவளுடைய கல்லீரல் எந்த மருந்துக்கும் மசியவில்லை. முகம், கழுத்து, உள்ளங்கை, கண்ணின் வெள்ளை, எங்கும் மஞ்சள் ஏறியிருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவள் தொழில். "ஊர்ச் சுவருக்கெல்லாம் மஞ்சள் அடிச்சேன், டப்பால மிஞ்சினதை என் மேலயே கொட்டிட்டாங்க" என்று ஆரம்பத்தில் அவளே கேலி பேசினாள். பெரிய டாக்டர் அவள் கணவனைத் தனியாக அழைத்துப் பேசிய நாளோடு அந்தக் கேலி நின்றுபோனது. அவன் திரும்பி வந்தான். தலையணையை மூன்று தடவை சரிசெய்தான். அவள் புரிந்துகொண்டாள்.

மகளுக்கு இரண்டு வயது. எதைப் பார்த்தாலும் கடிப்பதால் சுண்டெலி என்று பெயர்.

"இவளுக்கு என் முகம் ஞாபகம் இருக்காது. நானும் இவளும் ஒரு போட்டோ. ஆனா என் கலர்ல. பெரியவளானப்புறம் பார்த்துப் பயந்துடக் கூடாது."

"கல்யாணப் போட்டோ இருக்கேம்மா. அதுல நல்லாத்தானே இருக்கே?"

"அதுல இவ இல்லையே அண்ணா."

அண்ணன் தலைகுனிந்தான். ஊரார் முகங்களையெல்லாம் பகல் வெளிச்சத்தில் கலர் பிலிமில் பிடித்துக் கொடுக்கிறவன், சொந்தத் தங்கைக்கு மட்டும் 'அப்புறம் எடுத்துக்கலாம், எங்கே ஓடிடப் போறே' என்றே இரண்டு வருடத்தைக் கடத்தியிருந்தான்.

"அந்த மஞ்சளை மெஷின்ல எடுத்துடலாம். தினமும் பண்றதுதானே" என்று வாக்குக் கொடுத்தான். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. சாயங்கால வெயிலில் எடுத்த முகம் சிவந்து வரும், மரத்தடியில் எடுத்தது பச்சை பூத்து வரும். பிரிண்ட் போடும் இடத்தில் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று மனதார நம்பினான்.

வார்டுக்குள் டியூப்லைட். பகலுக்கென்று செய்த பிலிமில் அந்த வெளிச்சம் ஆளைப் பாசி பிடித்த மாதிரி ஆக்கிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்கு நர்சம்மா யாரையும் கேட்காமல் கட்டிலின் பிரேக்கை விடுவித்து, கிழக்கு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். முகத்தின் நிழல் பக்கம் வெளிச்சம் திரும்பி அடிக்க, துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றை ஆயாம்மா இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"கை வலிக்குதா ஆயாம்மா?"

"வலிச்சா இறக்கிடவா போறேன்? நீ பிள்ளையைச் சிரிக்க வை, போ."

சுண்டெலியை மடியில் வைத்தார்கள். தாயின் இடது கையில் இரண்டு விரலை அது இறுகப் பிடித்துக்கொண்டது. கடிக்கப் போகிறது என்று நினைத்து அவள் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. அண்ணன் மூச்சைப் பிடித்து அழுத்தினான். எட்டுப் படம் ஆவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள், பிலிமைக் கொடுத்திருந்த பிரிண்ட் போடும் கடைக்குப் போனான். மெஷினில் உட்காருகிற பெண்மணியை எல்லோரும் மெஷின் அக்கா என்பார்கள். எப்போது போனாலும் 'வாய்யா வெளிச்சம்' என்று கூப்பிடுகிறவள், அன்று நேராக ஒரே படத்தின் இரண்டு பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதல் படத்தில் தங்கை தங்கையாக இருந்தாள். அவளுக்கே உரிய மாநிறம், வெள்ளை வெளேரென்ற கண். ஆனால் மடியில் இருந்த குழந்தை நீலம் பாய்ந்து, மூச்சு நின்றுபோன பிள்ளையைப் போல் இருந்தது. அடுத்த படத்தில் குழந்தை ரோஜாவாகச் சிரித்தது. தாய் மஞ்சள்.

"ரெண்டும் சேர்ந்த மாதிரி ஒண்ணு போட முடியாதாக்கா?"

"வெளிச்சத்துல வந்த மஞ்சள்னா எல்லார் மேலயும் விழுந்திருக்கும், எடுத்திருப்பேன். இது ஒருத்தி மேல மட்டும் விழுந்த மஞ்சள்யா. அவகிட்டேர்ந்து எடுத்தா பிள்ளைகிட்டேர்ந்தும் போகுது."

இருபது வருடம் முகங்களைப் பார்த்தவனுக்கு, எடுக்கும்போது இது உறைக்கவில்லை. அவளைத் தனியாக ஒரு படமாவது எடுத்திருக்கலாம். இனி எடுக்க முடியாது. முந்தின நாளிலிருந்து அவளால் தலை தூக்க முடியவில்லை. அவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

மெஷின் அக்கா இழுப்பறையைத் திறந்தாள். பிளேடை எடுத்தாள். சாப்பாட்டு நேரம் முழுக்க டப்பாவைத் திறக்காமல் குனிந்து உட்கார்ந்து, ஒரு பிரிண்டிலிருந்து தாயை வெட்டினாள், இன்னொன்றிலிருந்து குழந்தையை. அட்டையில் ஒட்டினாள். விளிம்பு தெரியாமல் நுனித் தூரிகையால் சாயம் தொட்டு வைத்தாள். யாரோ பெற்ற பிள்ளைக்காக இவள் பட்டினி கிடந்தாள். உலகம் இப்படிப்பட்டவர்களால்தான் இன்னும் நிற்கிறது.

"ஒரு இடம் மட்டும் முடியலைய்யா" என்றாள். "விரலை இப்படிப் பிடிச்சிருக்கு. கையை வெட்டினா பிள்ளை கை போயிடும்."

தாய்க்கு முகம் சொந்த நிறம், குழந்தைக்கும் சொந்த நிறம். நடுவில் அந்த இடது கை மட்டும் மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் தங்கை படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"கை?"

"பெயிண்ட்னு சொல்லிக்கலாம்மா. உங்கம்மா போர்டு எழுதிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தான்னு."

"நல்லாப் புளுகுறே" என்றாள். உதடு லேசாக விரிந்தது. அப்படி ஒரு பொய்யை ஆண்டவன் பொறுத்துக்கொள்வான் என்று அண்ணனுக்குத் தோன்றியது.

"அவகிட்டே காட்டு. சொல்றாளா பார்ப்போம்."

அப்பாவின் தோளிலிருந்து சுண்டெலி எட்டிப் பார்த்தது. அண்ணன் படத்தில் இருந்த முகத்தின்மேல் விரல் வைத்தான்.

"இது யாருடா கண்ணு?"

குழந்தை உற்றுப் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது.

"யாரோ."

"நல்லாப் பாரு செல்லம்."

அது நன்றாகத்தான் பார்த்தது. முகத்தை விட்டுக் கீழே வந்தது. மஞ்சள் கையின்மேல் தன் விரலை ஊன்றி, "அம்மா" என்றது. சந்தேகம் வேண்டாம் என்பதுபோல் கட்டிலில் கிடந்த கையையும் காட்டி, இன்னொரு தடவை, "அம்மா."

வாழ்நாளில் பாதியை மஞ்சள் அம்மாவோடு கழித்த பிள்ளை அது. வேறொரு அம்மா அதற்கு ஏது?

படத்தை முதலிலேயே காட்டாமல் இருந்திருக்கலாம் என்று அண்ணன் நினைத்தான். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் ஈரம் கசிந்தது.

"போகட்டும் அண்ணா" என்றாள் கடைசியில். "கையாவது தெரியுதே."

அந்த வாரத்தை அவள் தாண்டவில்லை.

காரியங்கள் முடிந்தபின் படத்துக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, மாப்பிள்ளை வீட்டில் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினான் அண்ணன். சுண்டெலி ஓடி வந்து கையைத் தொட்டது. கண்ணாடி வழுக்கியது. இன்னொரு தடவை தொட்டது. பிறகு சுவரோடு நின்று அழத் தொடங்கியது. அண்ணன் படத்தை இறக்கிச் சட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பினான்.

"கண்ணாடி இல்லாம படம் பாழாயிடும் மச்சான்" என்றான் மாப்பிள்ளை, தயங்கி.

"ஆகட்டும் மாப்பிள்ளை."

அண்ணன் ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கழற்றினான்.