நன்றி சொல்லி முடித்தவர்

எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்ததும், போட்டியிட்ட ஒவ்வொருவரும் தமக்கு வாக்களித்தவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். முதலில் சொல்லி முடிப்பவர் ஜனாதிபதி. வாக்கு ரகசியம் என்பதால், வாக்களித்தவர்தான் வாசலுக்கு வந்து கையை நீட்டி நன்றியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பெரிய கட்சி வேட்பாளர்கள் எண்பது லட்சம், தொண்ணூறு லட்சம் என்று வாங்கிவிடுவார்கள். ஐந்து வருடம் நடையாய் நடந்தும் பாதி நாட்டைத் தாண்ட முடியாது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அதனால் கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து, தயவுசெய்து எதிர்க்கட்சிக்குப் போடுங்கள் என்று கும்பிடுவார்கள். நம் ஜனங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மனசுக்குப் பிடித்தவருக்கே குத்திவிட்டு வருவார்கள். பாசம் வைத்தவர்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. இப்படியே இருபது வருடமாக நாட்டுக்கு ஜனாதிபதி இல்லை. யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

எனக்குத்தான் ஒரு ஜனாதிபதி தேவைப்பட்டார். என் தம்பி ஞானதுரை சிறையில் இருந்தான். கடைத்தெருவில் இரண்டு கட்சி ஊர்வலங்கள் எதிரெதிரே வந்தபோது, சாலையைக் கடக்கப் போனவன், தன் கட்சியை விட்டு மற்றதோடு அரை மைல் நடந்துவிட்டான். கோஷமும் போட்டிருக்கிறான். கட்சி தாவிய குற்றத்துக்கு, ஜனாதிபதி மன்னிக்கும்வரை சிறை என்று தீர்ப்பானது. கருணை மனுவை நான் அன்றைக்கே எழுதிவிட்டேன்; கையெழுத்துப் போட ஆளில்லை. அப்போது அவன் மகள் எழிலி கைக்குழந்தை. இப்போது ஆறாம் வகுப்பு. அப்பாவைக் கம்பிக்கு வெளியே அவள் பார்த்ததே இல்லை.

தட்டச்சுப் பள்ளி நடத்தும் செண்பகவல்லி அம்மாள் சென்ற தேர்தலில் நின்றார். அவருடைய கட்சியில் தலைவர் அவர், செயலாளர் நான், உறுப்பினர்கள் இல்லை. எங்களுக்கு ஓட்டே போட்டுவிடாதீர்கள் என்று இருவரும் தெருத்தெருவாகக் கெஞ்சினோம். இரண்டே வாக்குகள் விழுந்தன. ஒன்று என்னுடையது, நன்றி சொல்ல ஒருவராவது வேண்டுமே. வாக்கு எண்ணிய இடத்திலேயே அம்மாள் நன்றி சொன்னார், நான் கையை நீட்டிப் பெற்றுக்கொண்டேன். மற்றொன்று யாருடையது என்று தெரியவில்லை.

நாலு வருடத்துக்கு மேல் தேடினோம். அடுத்த தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் உலகநாதனிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. எண்பத்தாறு லட்சம் வாக்கு வாங்கிய பெரிய கட்சி வேட்பாளர். தன்னைத் தானே நேரில் போய்ப் பார்க்க முடியாது என்பதால் வேட்பாளர்கள் யாரும் தமக்கு வாக்களித்துக்கொள்வதில்லை. அந்த ஓட்டு தம்முடையதுதான் என்றும், வேலை மும்முரத்தில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார்.

அவர் நன்றியைப் பெற்றுக்கொண்டால் அம்மாள் ஜனாதிபதி. உலகநாதனுடைய ஐந்து வருட நடை வீண். கையை நீட்டாமல் இருந்துவிட அவருக்கு உரிமை உண்டு. அப்படி இருந்துவிட்டால் என் தம்பிக்கு இன்னும் ஐந்து வருடம். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாளோடு பஸ் ஏறினேன்.

மேற்கே ஒரு சின்ன ஊரில் அவரைப் பிடித்தோம். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கோழிக்கடைக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். முடியும்வரை காத்திருந்தோம். பிறகு அம்மாள் அவர் முன்னால் போய்க் கைகூப்பினார்.

“எனக்கு ஓட்டுப் போட்டதுக்கு ரொம்ப நன்றிண்ணே.”

உலகநாதன் கையை நீட்டவில்லை. கடைப்பலகையில் மெல்ல உட்கார்ந்தார்.

“இன்னொரு வாட்டி சொல்லும்மா. அம்பத்தோரு லட்சம் பேருக்குச் சொல்லியிருக்கேன். எனக்கு யாரும் சொன்னதில்ல.”

அம்மாள் மறுபடி சொன்னார். கேட்காமலே மூன்றாம் தடவையும் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். கோழிக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஜனாதிபதி அந்தப் பலகையிலேயே வைத்து என் மனுவில் கையெழுத்திட்டார். நான் உலகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இன்றைக்கும் அந்த மனுஷனை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மறுநாள் ஞானதுரை வீட்டுக்கு வந்தான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழிலி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மீதி நாட்களில் அம்மாள், தேங்கிக் கிடந்த நாலாயிரம் மனுக்களிலும் கையெழுத்திட்டார். அத்தனை வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். அவரே மறுபடியும் வர வேண்டும் என்று நாடே ஆசைப்பட்டது. ஆகவே யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. வேறு யாராவது ஒருவர் போட்டிருப்பார் என்று நானும் போடவில்லை. உலகநாதனும் அப்படித்தான் நினைத்தாராம். எண்ணிப் பார்த்தபோது ஒரு வாக்குகூட இல்லை; நன்றி சொல்ல ஆளில்லாததால் பதவியும் இல்லை.

முடிவு வந்த மறுநாள் காலை அம்மாள் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“இவ்வளவு பாசமா ஓட்டுப் போடாம இருந்திருக்கீங்க. நன்றி சொல்லாம இருக்க முடியுமா?”

நானும் தம்பியும் வாசலுக்கு வந்து கையை நீட்டினோம். அவருக்கு வாக்களிக்காதவர்கள் மொத்தம் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் பேர். எங்கள் வீடுதான் முதல் வீடு. அம்மாள் படியிறங்கியதும் ஞானதுரை சட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க முன்னால் போனான்.