வெள்ளை வளையம்

விடியற்காலையில் கொக்கோக் காட்டுக்குள் நுழைந்தால் முதலில் நனைவது தலைதான். எசினாம் தொரட்டியை உயர்த்தி ஒரு காயின் காம்பில் மாட்டினாள். இலைகளில் தேங்கியிருந்த பனி முழுவதும் அவள் மேல் கொட்டியது. கூடவே சிவப்பெறும்புகளும் இறங்கின. எறும்பு கழுத்தைக் கடிக்கும்போதும் கையை அசைக்கக் கூடாது. காம்பை அறுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. பிய்த்தால் மரப்பட்டையும் சேர்ந்து வரும், அந்த இடத்தில் அப்புறம் பூவே பிடிக்காது. அடிவாரத்திலிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. ஒரு வாரமாகக் கேட்கிற சத்தம்தான். இன்றைக்குக் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது.

ஏழு வருஷத்துத் தோட்டம் அது. போன்சுகுரோமில் எல்லாக் காடும் போன்சுவுக்குச் சொந்தம். ஊருக்கே அவர் தாத்தா பேர்தான். கிழக்கேயிருந்து பிழைக்க வந்த எசினாமும் அவள் புருஷன் மாவுலியும் பங்குக்கு நட்டார்கள். பேச்சு இதுதான்: காடு அவருடையது, பாடு இவர்களுடையது. மரம் காய்க்கத் தொடங்கினதும் தோட்டத்தில் நேர்பாதி இவர்களுக்கு. அந்தப் பக்கம் எழுத்து கிடையாது. இரண்டு தரப்பும் சாட்சிகளோடு தோட்டத்தில் நின்று ஓர் இலையை ஆளுக்கொரு முனை பிடித்துக் கிழிப்பார்கள். நடுவே சிவப்பிலைச் செடியை வரிசையாக ஊன்றுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதியை எந்த ராஜாவும் பிடுங்க முடியாது.

மரம் முதலில் காய்த்தபோது மாவுலி பர்மாக் காட்டில் வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி சுமந்துகொண்டிருந்தான். அன்றைக்கு போன்சுவே வந்து கேட்டார். "உன் தம்பிய வரச் சொல்லு. அவன் நின்னாப் போதும், கிழிச்சிரலாம்." எசினாம் மாட்டேன் என்றாள். தூரதேசம் போனவன் பங்கை அவன் இல்லாமல் பிரிப்பது, அவள் ஊரில், அவன் செத்த பிறகுதான். "உசுரோட இருக்கிறவனுக்கு நானே எழவு எடுக்கவா? அவரு வரட்டும், பெரியவரே."

அவன் வந்தான். எலும்பும் தோலுமாக, காய்ச்சலோடு, ஒரு கம்பளிச் சட்டையில் வந்தான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன்சு முதலில் தாய்மாமன் சாவைச் சொன்னார், அப்புறம் மழையைச் சொன்னார், அப்புறம் அறுவடை முடியட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தை, அவரு வரட்டும் என்று அன்றைக்குச் சொன்ன வார்த்தை, எசினாமுக்கு மறக்கவே இல்லை.

சண்டைக் காலம் முழுக்கத் தலைநகர் அக்ராவிலிருந்து உத்தரவுகள்தான். ஆள் கொடு என்று உத்தரவு, ரப்பர் கொடு என்று உத்தரவு, கப்பல் இல்லை, கொக்கோவை எரி என்றுகூட உத்தரவு. சண்டை முடிந்தால் ஓயும் என்று பார்த்தால், அப்போதுதான் வேகம் பிடித்தது. திரும்பி வந்த சிப்பாய்களுக்கு வேலை கொடுக்க ஓர் உத்தரவு. கொக்கோவுக்குக் கிளை வீங்குகிற நோய் வந்திருக்கிறது, நோய்ப்பட்ட மரத்தையும் அதைத் தொட்டு நிற்கிற மரங்களையும் வெட்டு என்று இன்னோர் உத்தரவு. வெட்ட ஆள் வேண்டுமே. சிப்பாய்கள் இருக்கிறார்களே. எந்த மகராசன் மேசையில் இந்த இரண்டு காகிதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதோ, அவன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

மாவுலி வெட்டும் கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம். எந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள் என்று கேட்டால், "எங்கியோ" என்பான்.

வெயில் ஏறும்போது போன்சு வந்தார். கூடவே விவசாய இலாகா மேற்பார்வையாளர் லாம்டி. கையில் நோட்டு, காலில் முழங்கால் வரை பூட்சு. பின்னால் ஒருவன் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தூக்கி வந்தான். ஓரத்தில் இருந்த ஆறு மரங்களின் கிளை வீங்கியிருந்தது, அது எசினாமுக்கும் தெரியும். பெயின்ட்காரன் அந்த ஆறையும் வளையமிட்டான். பக்கத்து மரங்களை வளையமிட்டான். அதோடு நிற்கவில்லை. போன்சு கையைக் காட்டக் காட்ட, மேட்டுப்பக்கம் வரை போய்க்கொண்டே இருந்தான்.

எசினாம் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "ஐயா, இதுல நோய் எங்க இருக்கு? கிளையத் தொட்டுப் பாருங்க. காய் எப்படித் தொங்குது பாருங்க."

"தொட்டு நிக்கிற மரம்," என்றார் லாம்டி, நோட்டைப் பார்த்தபடி.

"நாப்பது அடி தள்ளி நிக்குது. அதுக்குக் கை இருக்கா தொடுறதுக்கு?"

லாம்டி வாயோரம் சிரித்தார். "தோட்டத்துச் சொந்தக்காரரே சம்மதிச்சிட்டாரும்மா. வெட்டுன மரத்துக்கு சர்க்கார் நஷ்டஈடு தருது. அவருக்கே இல்லாத வருத்தம் உனக்கென்ன?"

"பாதி எங்களுது."

போன்சு தோளில் புரண்ட துணியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க இலை கிழிச்சோம்? சாட்சி யாரு? சிவப்புச் செடி எங்க? எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, எங்கன்னு காட்டு பார்ப்போம்."

"நீங்கதானே பெரியவரே நாளக் கடத்துனீங்க."

"நான் வந்து வாசல்ல நின்னு கேட்டேன். புருஷன் வரட்டும்னது யாரு? நானா?" அவர் குரல் ஏறவில்லை, பேரன் பேத்தியிடம் பேசுகிற மாதிரியே பேசினார். "வெட்டி முடிஞ்சா இது மறுபடி வெறுங்காடு. வேணும்னா புதுசா நட்டுக்க. இன்னும் ஏழு வருஷம்தானே, உடம்புல தெம்பு இருக்கில்ல?"

அவளுக்கு அந்த ஆளின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. துப்பாததை நினைத்து அன்று பகல் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது மாவுலி வந்தான். அடுப்பில் வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நாளைக்கு எங்க?"

அவன் கோடரியைக் கொண்டுபோய்க் குடிசைக்குப் பின்னால் வைத்தான்.

"உன்னத்தான் கேக்கிறேன்."

"நம்ம மேட்டுக்கு," என்றான். "மூணு நாளா எனக்குத் தெரியும். லாம்டி சொன்னான், நான் வரலைன்னா வேலையிலிருந்து தூக்கிருவேன், அப்பவும் மரம் விழத்தான் போகுதுன்னு."

"சப்பான்காரன் தோட்டத்தையும் இப்படித்தான் வெட்டுனியா?"

"அங்க சுடச் சொன்னான், சுட்டேன். இங்க வெட்டச் சொல்றான்." மாவுலி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். "எனக்கு வேற என்ன தெரியும் எசினாம்? உத்தரவுன்னா கை தானா எந்திரிக்குது."

அவள் சுட்ட வாழைக்காயை அவன் முன்னால் வைத்தாள். வேர்க்கடலையும் வைத்தாள். பட்டினி போட்டால் தேவலை என்றுதான் இருந்தது. ஆனாலும் வைத்தாள்.

மறுநாள் கூட்டம் வந்தது, பன்னிரண்டு பேர். முதல் மரத்தை மாவுலிக்கே காட்டினார் லாம்டி. "உன் சம்சாரம் தகராறு பண்றா. நீ தொடங்குனா அடங்கிருவா."

மாவுலி வெட்டினான். எசினாம் பத்தடியில் நின்று பார்த்தாள். அது கன்றாக இருந்தபோது முதல் வெயிலில் அவள் வாழை மட்டை சாய்த்து நிழல் கொடுத்திருந்தாள். எட்டாவது வெட்டில் மரம் சரிந்தது. பழுக்காத காய்கள் கல்லில் மோதிப் பிளந்து வெள்ளைச் சதை தெறித்தது. "ம், அடுத்தது," என்றார் லாம்டி. அவன் அடுத்ததையும் வெட்டினான். அழுதுகொண்டே வெட்டினான், மூக்கைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. உச்சி வெயிலுக்குள் முப்பது மரம் படுத்துவிட்டது.

அப்போதுதான் அவூனியின் கோடரி வழுக்கியது. வடக்கேயிருந்து வந்த பையன்களில் சிரிப்புக்குப் பேர் போனவன் அவூனி. அவனும் பர்மா போனவன்தான். கோடரி பச்சை மரத்தில் ஏறாமல் நழுவி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு தெரிந்தது. எசினாம் ஓடிப்போய்த் தன் மேல்துணியைக் கிழித்துக் கட்டினாள்.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு எட்டு மைல்," என்றார் லாம்டி. "மெதுவா நடந்து போகச் சொல்லு. இன்னிக்கு அவனுக்கு அரை நாள்தான் போடுவேன். மத்தவங்க வேலையப் பாருங்க."

"நடந்தா?" என்று கேட்டான் மாவுலி.

"கவர்னர் துரை கார் அனுப்புவாரா?"

"என் கால் போனாலும் கோடரிக்குச் சேதமில்ல ஐயா, அதைப் பாத்துக்கங்க," என்றான் அவூனி, பல்லைக் கடித்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை.

மாவுலி கோடரியைத் தரையில் வைத்தான். வீசி எறியவில்லை, வைத்தான். அவூனியின் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். இன்னொருவன் மறுபக்கம் வந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கோடரியை வைத்துவிட்டு அவர்கள் பின்னால் நடந்தார்கள். லாம்டி வேலை போகும் என்றார், போலீசு வரும் என்றார். பிறகு சைக்கிளை எடுத்தார். "நாளைக்கு வேற ஆள் வரும், போலீசோட வரும்," என்று எசினாமைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எசினாம் அங்கே நிற்கவில்லை. தன்னைப்போலவே பங்குக்கு நட்ட வாரக்குடிகளின் தோட்டங்களை நோக்கி ஓடினாள்.

அந்தக் காட்டில் வாரக்குடிகளுக்குள் மாற்றாள் வேலை உண்டு. இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம். காய் உடைப்பதோ களையெடுப்பதோ, கூப்பிட்டால் வர வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. வராதவர்களுக்கு யாரும் போக மாட்டார்கள். அன்றைக்கு ஹாவாவின் முறை. அவள் தோட்டத்தில் பதினெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு என் தோட்டம்," என்றாள் எசினாம், மூச்சு வாங்க.

"உன் முறை அடுத்த வாரமில்ல?" என்றாள் ஹாவா. அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "மரம் விழுந்த தோட்டத்துல என்னத்த உடைக்கப் போற? என்ன வேலை?"

"நிக்கிற வேலை."

கத்திகள் நின்றன. அந்தப் பதினெட்டில் பங்குக்கு நட்டு இன்னும் இலை கிழிக்காதவர்கள் பதினொரு பேர்.

"சாப்பாடு போடுவியா?" என்றாள் ஹாவா கடைசியில்.

"போடுவேன்."

"அப்ப சரி. கூப்பிட்டாச்சு, வந்துதான் ஆகணும்."

மறுநாள் லாம்டி போலீசு லாரியில் வந்து இறங்கியபோது, மிச்சமிருந்த வளையமிட்ட மரம் ஒவ்வொன்றிலும் ஒருவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவூனியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த வெட்டுக்காரர்களும் இருந்தார்கள். வேலை போன கையோடு நேரே இங்கேதான் வந்திருந்தார்கள். லாரியில் வந்த புது ஆட்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி லாரியின் நிழலில் போய் நின்றுகொண்டார்கள்.

லாம்டி உத்தரவைப் படித்தார். படிக்கையில் வியர்த்தது. "தோட்டத்தை அனுபவிக்கிறவர், வெட்டுவதைத் தடுத்தால், சிறை. உதவுகிறவருக்கும் சிறை." நோட்டைத் திறந்தார். "முதல்ல, தோட்டத்த அனுபவிக்கிறது யாருன்னு எழுதணும்."

"என் தோட்டம்," என்றார் கூடவே வந்திருந்த போன்சு, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப உங்க பேரத்தான் எழுதணும் பெரியவரே. தடுக்கிறது உங்க தோட்டத்துல."

"நான் எங்க தடுத்தேன்? சம்மதிச்சவன் நான்."

"உங்க ஆளுங்கதானே உக்காந்திருக்காங்க? அனுபவிக்கிறவர்தான் ஜவாப்தாரி. உத்தரவுல அப்படித்தான் இருக்கு."

போன்சு போலீசுக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் வைத்திருந்த கைவிலங்கைப் பார்த்தார். நெஞ்சு இறங்கியது. "அனுபவிக்கிறது அவ. நட்டது, பறிக்கிறது எல்லாம் அவதான். அவ பேர எழுதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதுனா எழுதுனதுதான்."

"அவதான்னு சொல்றேனில்ல."

எசினாம் மரத்தடியிலிருந்து எழுந்தாள். சிறை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் அக்கா வரிக்காகப் போய் இருமலோடு திரும்பி, அந்த இருமலிலேயே போனவள்.

"எசினாம்," என்றாள். "மாவுலி பெண்டாட்டின்னு போடாதீங்க. எசினாம்னு எழுதுங்க. தோட்டத்த அனுபவிக்கிறவ. பெரியவர் சொன்னத அப்படியே எழுதி, ஒரு தடவ உரக்கப் படிச்சிருங்க. இத்தன பேரும் சாட்சியா கேக்கட்டும்."

லாம்டி எழுதினார். படித்தார். அங்கிருந்த அத்தனை காதுகளும் கேட்டன. தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது போன்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். விலங்கு கண்ணில் பட்டது, மூடிக்கொண்டார்.

"உதவினவங்க?" என்றார் லாம்டி.

"ஹாவா," என்றாள் ஹாவா, அவர் கேட்டு முடிக்கும் முன்பே. "எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க."

மாவுலி வந்து நின்றான். சிப்பாய் மாதிரி நிமிரவில்லை, சாதாரணமாக நின்றான். "முப்பது மரம் வெட்டுனவன் நான்," என்றான் எசினாமைப் பார்த்து. பிறகு லாம்டியிடம் திரும்பி, "உதவினேன்னு எழுதுங்க. இனிமே உதவப் போறேன்னும் எழுதுங்க," என்றான்.

அவன் பின்னால் வெட்டுக்காரர்கள் வந்தார்கள், வாரக்குடிகள் வந்தார்கள். லாரி நிழலிலிருந்து புது ஆள் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றான். நோட்டின் பக்கம் நிறைந்தது. லாம்டி தாளைத் திருப்பினார். இவ்வளவு பேருக்கு லாரியில் இடம் இல்லை என்று போலீசுக்காரர் அவர் காதில் சொன்னார்.

"டவுனுக்கு நாங்க நடந்தே வர்றோம்," என்றாள் எசினாம். "எட்டு மைல்தானே. நேத்து ஒருத்தன் வெட்டுப்பட்ட காலோட போனான்."

அவள் முன்னால் நடந்தாள்.