அத்தாவின் தேக்சா

ஈயம் பூசித் தருகிறேன் என்று சொல்லித்தான் என் தம்பி அனீஸ் தேக்சாவை எடுத்துப் போனான். எங்களைப் பெற்ற அத்தா விட்டுப்போன செம்பு தேக்சா. நூறு பேருக்குத் தாராளமாகப் பிரியாணி ஆக்கலாம். உக்கடத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு நிக்காஹ் என்றாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று அத்தா சொன்னதில்லை, அவருக்குப் பிறகு நானும் சொன்னதில்லை.

எதிர் வீட்டு ஹபீபுன்னிசா தன் மகள் சமீராவின் நிக்காஹுக்கு அதை எப்போதோ கேட்டு வைத்திருந்தாள். அனீஸோ இன்று, நாளை என்று இழுத்தடித்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹபீபுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு மதுக்கரை ரோட்டில் அவன் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலுக்கே போனேன்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். தேக்சாவைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, சங்கிலியில் தொங்கவிட்டிருந்தான். உள்ளே ஒரு பல்பு. பக்கத்துச் சுவரில் ‘எங்கள் குடும்பப் பாரம்பரியம்’ என்று பித்தளை எழுத்துகள். தேக்சாவின் கீழே நின்று ஒரு பெண் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டா, ஈயம் பூசறதுன்னா இதுதானா?”

“கத்தாதக்கா, கஸ்டமர் இருக்காங்க. எவ்வளவு கௌரவமா வெச்சிருக்கேன் பாரு. ஊட்டுல கரி புடிச்சுல்ல கெடந்துச்சு.”

“கரி புடிச்சாத்தாண்டா அது தேக்சா. ஆக்கிப் போடறதுக்குத்தான் அத்தா குடுத்தாரு. ஓட்டை போட உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?”

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. “பெருநாளன்னிக்குக்கூட அவரு யாரு ஊட்டு அடுப்பு முன்னாடியோதான் நின்னாரு. அவரு ஞாபகமா எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா? இதையும் தெருவுக்கே குடுத்துப்போடணுமா?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒரு நிமிடம் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த வார்த்தையிலேயே அதைக் கெடுத்தான்.

“ஹபீபாக்கா, கவலைப்படாதீங்க. ரெண்டு அலுமினிய தேக்சா அனுப்பிவிடறேன். வாடகை வேண்டாம்.”

வாடகை! யாரிடமும் ஒரு பைசா வாங்காத எங்கள் அத்தா பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து அந்த வார்த்தை!

ஹபீபுன்னிசா அண்ணாந்து தேக்சாவையும் சுவரில் இருந்த எழுத்துகளையும் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இதோட மூடி எங்கூட்டுல இருக்குதுங்க தம்பி. நோன்புக் கஞ்சி காய்ச்ச வாங்குனது, அப்படியே தங்கிப்போச்சு. உங்க குடும்பத்துதுன்னு எழுதிப்போட்டீங்க. இனி அது எங்ககிட்ட இருந்தா நல்லா இருக்காதுங்க. கொண்டாந்து குடுத்தர்றேன்.”

குத்திக்காட்ட அவள் அப்படிச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நாளைக்கு அலுமினியத்துலயே ஆக்கிக்கலாம் அம்மணி. மூடியை மட்டும் எவன் கேட்டாலும் குடுத்துடாத” என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, மேலே தொங்கிய தேக்சாவைக் காட்டி அனீஸைக் கேட்டேன்.

“ஏணி எங்கடா?”