சுவரைத் தொட்ட கார்

எந்த மழை முதலில் வந்தது? ஜன்னலில் பெய்ததா, உள்ளங்கையளவு திரையில் பெய்ததா? இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

ஒன்று மட்டும் உறுதி என்றிருந்தேன். அக்காவின் முழங்கையை நான்தான் இடித்தேன்.

தூத்துக்குடி. அடுக்குமாடி வீடு. ஒரே கையடக்கக் கார்ப் பந்தய வீடியோ கேம், இரண்டு பேர். கார் சுவரில் முட்டினால் கை மாற வேண்டும். கை சும்மா இருப்பவர்தான் அம்மா சொல்லும் வேலைக்கு எழ வேண்டும். எங்கள் சட்டம் அது.

எழிலரசி அக்கா முட்டவே மாட்டாள். எப்போதும் மழைப் பாதைதான். திரையில் வைப்பர் அசையும். இடம், வலம். இடம், வலம்.

"மழை வருது பாருங்க. ஒரு ஆளு மாடிக்குப் போயி துணிய எடுங்களேன்." அடுப்படியிலிருந்து அம்மா.

எழ வேண்டியவன் நான். இடி உறுமியது. இடி என்றால் எனக்குப் பயம்.

"என்னல, இப்பவே நனைஞ்சிட்டியா?" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் அவள் பக்கம் ஒண்டினேன். கார் முட்டியது.

"இந்தா. ஒன் முறை. ஓட்டு."

கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

நான் ஓட்டவில்லை. பொத்தானில் விரல் இருந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளையானது.

மின்னல். கொடிக்கம்பி. அவள் கை.

போன வாரம் அம்மாவின் பீரோவில் அந்த வீடியோ கேம் கிடைத்தது. பேட்டரி மாற்றினேன். கடைசி ஓட்டத்தை அப்படியே வைத்திருந்தது. திரும்பப் போட்டுக் காட்டும். நான் இடித்திருந்தால் கார் துள்ளியிருக்கும்.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு பார்த்தேன்.

மழைப் பாதை. அறையில் நான் மட்டும். ஓட்டுவது அவள் விரல்கள்.

கார் துள்ளவில்லை. வளைவே இல்லாத இடத்தில் வேகம் குறைகிறது. ஓரம் ஒதுங்குகிறது. மெல்லச் சுவரைத் தொடுகிறது.

அவ்வளவுதான். அவளாகவே தொட்டிருக்கிறாள்.

அக்கா பதினான்கு வயதோடு நின்றுவிட்டாள். அம்மா இன்றும் துணியை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறாள். நான் கார் ஓட்டக் கற்கவேயில்லை.

ஓட்டம் முடிந்தால் திரை இருள வேண்டும். இருளவில்லை. சுவரோரம் கார் நிற்கிறது, விளக்கு எரிய. என் முறை.

வெளியே மழையில்லை. வைப்பர் மட்டும் அசைகிறது. இடம், வலம். இடம், வலம்.