ஜன்னல் பக்கத்து டீப்பாய்

இரண்டு டீப்பாயில் எது பழசு, எது புதுசு என்று என்னைக் கேட்காதீர்கள். செய்தவள் நான்தான். அதனால்தான் சொல்கிறேன், என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் கடை ஒரே நீள அறை. முன்பாதியில் பழைய மேஜை நாற்காலிகள் விற்பனைக்கு நிற்கும். பின்பாதி என் பட்டறை. முன்னால் என் வீட்டுக்காரர் பேசுவார், பின்னால் நான் இழைப்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கையுள்ள பெண்டாட்டி வாய்த்தால் அந்தப் பிள்ளை இன்னும் நன்றாகவே பிழைக்கும்.

ஹாலுக்கு டீப்பாய் தேடி வருகிறவர்களுக்கு அவர் ஒரு பாடம் நடத்துவார். "நூறு வருஷம் தாண்டினா ஆன்டிக். தாண்டலேன்னா விண்டேஜ். சோபாவைவிட ரெண்டு விரல் தணிவா இருக்கணும். வீட்ல சின்னப் பசங்க இருந்தா வட்டமா எடுங்க, முனை குத்தாது." கடைசியில் என்னைக் கைகாட்டி, "இதோ, இவங்க விண்டேஜ்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். இருபது வருடமாக யாராவது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இதுவரை சிரித்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் வேனில் ஒரு டீப்பாயை ஏற்றிக்கொண்டு வந்தார். நீளமானது, தணிவானது. சட்டத்தின் மேல் குறுக்காக ஐந்து பலகைகள். ஒரு கால் ஆடியது, இன்னொரு காலைத் தட்டினால் மாவு கொட்டியது.

"என் தங்கச்சியோடது. போன வருஷம் போயிட்டா" என்றார். தங்கைக்கு ஒரு மகள், ஒரு மகன். வீடு, நகை, பாத்திரம் எல்லாவற்றையும் இருவரும் ஒரு வார்த்தை தடிக்காமல் பிரித்துக்கொண்டார்கள். இந்த டீப்பாயில் வந்து முட்டிக்கொண்டது. அம்மா கணக்கு டீச்சர். தினமும் சாயங்காலம் இதன் இந்த முனையில் மகளையும் அந்த முனையில் மகனையும் உட்கார வைத்துக் கணக்குப் போட வைப்பாளாம். இப்போது எனக்குத்தான் என்கிறாள் அவள், எனக்குத்தான் என்கிறான் இவன். பத்து மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடும்மா. எது எதுன்னு யாருக்கும் தெரியக்கூடாது, எனக்கும்தான். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கணும், அப்புறம் வாயத் திறக்கக்கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க." கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார். "இதுவும் சண்டையில முடிஞ்சா, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற ஒண்ணுமே மிச்சம் இல்லம்மா."

அவர் அப்படிச் சொல்லாமல் போயிருக்கலாம். அன்றிலிருந்து அந்த மரத்தில் உளி வைக்கும்போதெல்லாம் யாரோ இரண்டு பேரின் மேல் வைக்கிற மாதிரி இருந்தது.

பழைய கதவு ஒன்றை அறுத்து நகல் செய்தேன். அளவு சரி, உயரம் சரி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும் எது புதுசு என்று. ஒரு வாரம் சாயத்தை மாற்றி மாற்றிப் பூசினேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். தூரிகையை எறிந்தேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோதும்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. பழைய டீப்பாயிலேயே நடுப்பலகையும் இரண்டு கால்களும் உளுத்துப்போய், எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மிச்சம் நல்லதாக இருந்தது நான்கு பலகை, இரண்டு கால். இதில் பாதியைப் புதியதற்குக் கொடுத்து, புதியதில் பாதியை இதற்கு வாங்கினால்? பழைய மரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் புது மரமும் கொஞ்சம் பழசாகத் தெரியும். பெரிய மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்த சின்னப் பையன் மாதிரி. அதற்கு இரண்டு பலகை ஒரு கால், இதற்கு இரண்டு பலகை ஒரு கால். சட்டத்தையும் அப்படியே கலைத்துக் கோத்தேன். மெருகு போட்டுத் துடைத்தபின் எனக்கே தலைகால் புரியவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

டம்ளர் வைத்த வட்டம், மைக்கறை எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். இரண்டை மட்டும் எடுக்கவில்லை. ஒரு முனைப் பலகையில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். வண்டு என்று முதலில் நினைத்தேன், ஆனால் எந்த வண்டும் வரிசையில் நின்று துளைக்காது. காம்பஸ் முனை. எதிர் முனைப் பலகையின் ஓரத்தில் பிளேடால் கீறிய கோடுகள். ஏதோ ஒரு குழந்தையின் கோபத்தை நான் எப்படி நகல் எடுப்பது? ஓட்டைப் பலகை ஒரு டீப்பாய்க்குப் போனது, கோட்டுப் பலகை இன்னொன்றுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய முனை வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்று. ஒன்றை ஜன்னல் ஓரமும் ஒன்றைக் கதவு ஓரமும் போட்டுவிட்டு வேறு நாற்காலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "இதுல ஒரிஜினல் எது?" என்றார். என் வாயில் ஆணிகள். தூசி பறக்கிறது, அந்த ஜன்னலைச் சாத்துங்கள் என்று முகவாயால் காட்டினேன். "ஓகோ" என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஜன்னலைச் சாத்தவில்லை. ஏன் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பெரியவர் வரவில்லை, ரத்த அழுத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானாயிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

அக்காக்காரி ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறவள். தன் சோபாவின் உயரத்தை ஒரு வெள்ளை ரிப்பனில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். தம்பிக்காரன் கண்ணாடிக் கடைக்காரன். ஹாலின் போட்டோவை போனில் வைத்திருந்தான். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"மூத்தவங்க முதல்ல எடுக்கட்டும்னு மாமா சொன்னார்" என்றாள் அக்கா, என்னிடம்.

"எடுத்துக்கச் சொல்லுங்க" என்றான் தம்பி, அவனும் என்னிடம்.

நான் சொல்வதற்குள் இரண்டு பேரும் நேராக ஜன்னல் பக்கம் நடந்தார்கள். ஒரே வேகம். ஒரே டீப்பாய். கதவு ஓரத்தில் இருந்ததை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பேந்தப் பேந்த விழித்தேன். என் கைவேலையில் எங்கே தப்பு? தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்கா?

வீட்டுக்காரர் கல்லாவில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இருவருமே தனித்தனியாகப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். மனுஷர் இருவருக்குமே, "யாருக்கும் சொல்லிடாதீங்க, ஜன்னல் பக்கம்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார்.

ஆளுக்கு ஒரு முனையில் நின்றார்கள். போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது?

தம்பிக்காரன் குனிந்தான். முனைப் பலகையின் ஓரத்தை விரலால் தடவினான். சுற்றி வந்து, அக்கா நகர்ந்து நின்ற இடத்தில் எதிர் முனையையும் தடவினான். நிமிர்ந்து, "அவங்களே இதை எடுத்துக்கட்டும்" என்றான். நேராகக் கதவு ஓரத்துக்குப் போய் அந்த டீப்பாயைத் தடவிப் பார்த்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நடந்தது எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. ஆனால் அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை.

"இவ்ளோ சுலபமா விட்டுக்குடுக்கிற ஆள் இல்ல அவன்" என்றாள் என் காதருகில். "அப்போ அதுதான் நிஜமா?"

"தெரியாதுங்க."

"செஞ்சது நீங்கதானே?"

"அதனாலதான் தெரியாதுங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவு ஓரத்துக்குப் போனாள். தம்பி நகரவில்லை. அவனைத் தாண்டிக் கையை நீட்டி எதிர் முனையைத் தொட்டுப் பார்த்தாள். ஏமாந்த முகத்தோடு ஜன்னலுக்கு வந்தாள். அங்கே ஒரு முனையில் விரல் நின்றது. ஒவ்வொரு ஓட்டையாக விரல் நகர்ந்தது. அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுதான் எங்கம்மாவோடது" என்றாள்.

"இதுதான் எங்கம்மாவோடது" என்றான் அவன் அங்கிருந்து.

வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். ஒரே மாதிரி சந்தோஷமாக இரண்டு பேர், நடுவில் திருதிரு என்று விழிக்கும் பெண்டாட்டி. ஆளுக்கு ஒன்று, சண்டை இல்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான் என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னார். எனக்கும் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குள் அக்கா தன் டீப்பாயின் எதிர் முனைக்குத் தவழ்ந்து போயிருந்தாள். ஓரத்தைத் தடவினாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு தரம் தடவினாள்.

"கோடு எங்க?" என்றாள்.

என்னைத்தான் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் அவன் பிளேடால கோடு போட்டிருப்பான். நான் இதுக்கு அடியில அவனை உதைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. அது எங்க போச்சு?" மெருகை நகத்தால் சுரண்டினாள். "அது இல்லேன்னா எனக்கு எதுக்கு இது?"

தம்பிக்காரன் மெதுவாகத் தன் டீப்பாயின் எதிர் முனையைப் பார்த்தான். அங்கே வழவழவென்று என் மெருகு.

இனி மறைக்க முடியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உளுத்த கால், கதவு மரம், பிரித்துப் போட்ட பலகைகள். "எதுவும் முழுசா உங்கம்மாவோடது இல்ல. எதுவும் முழுசா என்னோடதும் இல்ல. தப்பு என்மேலதான். பார்வைக்கு ஒண்ணா இருக்கணும்னு மட்டும்தான் பார்த்தேன். யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு பார்க்கல." வெட்கமாக இருந்தது. கோபக்காரிக்கு வெட்கம் வந்தால் கையை வைக்க இடம் தெரியாது. உப்புத்தாளை எடுத்துக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"அந்த ஓட்டை எல்லாம் எதுக்கு?" என்றான் தம்பி. பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

"உன்னால நான் திட்டு வாங்கின நாளுக்கெல்லாம் ஒண்ணு" என்றாள் அக்கா, அவனிடமே. "கடைசியில இருக்கே பெரிசா, அது உன் கோட்டை அம்மா பார்த்த அன்னிக்கு. பிளேடு எடுத்தது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். ஸ்கேலால வாங்கினேன்."

அவன் எழுந்து வந்தான். அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தான். அது மற்றவற்றைவிட ஆழமானது. சுத்தம் செய்யும்போது நானே கவனித்திருந்தேன்.

"நீ சொல்லவே இல்லையே" என்றான்.

"நீ கேட்டியா?"

நான் இடையில் புகுந்தேன். ரெண்டு முனையையும் ஒரே டீப்பாயில் கோத்துத் தருகிறேன், பழைய மரம் முழுவதும் அதில் போகும், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன், புது மரத்து டீப்பாய் என் தலையில் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் அனுப்பும் சீட்டை எடுத்து, இருக்கிற ஒரே கேள்வியைக் கேட்டார். மனுஷருக்கு எப்போதும் இதே வேலை.

"எந்த வீட்டுக்கு அனுப்பறது?"

"என் வீட்டுக்கு" என்றார்கள் இருவரும்.

பிறகு வந்தது சண்டை. நான் பயந்த சண்டையே. ஆனால் இந்தத் தடவை என் வழியாக இல்லை. உன் சோபா உயரம், இது அதுக்குப் பக்கத்தில் நின்றால் குட்டிச்சுவர் மாதிரி இருக்கும் என்றான் அவன், ரிப்பனைப் பிடுங்கி முடிச்சைக் காட்டி. நீ எதையும் துடைக்கிற ஆளா, ஒரே வருஷத்தில் வண்டு மீதியையும் தின்றுவிடும் என்றாள் இவள். எனக்கு யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை. இருவர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது.

"உன் ஹால்ல இதைப் போட இடமே இருக்காது" என்றாள் அக்கா கடைசியாக.

"நீ பார்த்தியா என் ஹாலை?"

அவன் வீடு மாறி எட்டு மாதம் ஆகிறதாம். பெரியவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில், ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் ஏன் சட்டென்று நின்றாள் என்று விளங்காமல் நான் அவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அவள் அவன் கையிலிருந்த ரிப்பனை வாங்கி டீப்பாயின் மேல் விரித்தாள். என் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்காமலே உருவினாள்.

"எங்கடா இருக்கு உன் வீடு?" என்றாள். "சொல்லு, எழுதிக்கறேன்."

அவன் கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்தான்.